கடைத் தொழிலும் நடுவு நிலைமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசவல்ல அறிஞர்கள் பலர் ஏறிய மேடை இது. எம்மை அழைத்த காரியதரிசி அவர்கள், "உங்கள் தொழிலைப் பற்றியே பேசுங்கள், அதைப் பற்றி இங்கே எவரும் பேசியதில்லை" என்று கேட்டுக்கொண்டார். எமது தொழில் கடைத் தொழில். கொழும்பில் ஒரு சில்லறை விற்பனை நிலையத்தில் உதவி முகாமையாளராகப் பணியாற்றி வருகின்றோம். அரிசி, பருப்பு, பால்மா, சவர்க்காரம், மரக்கறி முதலிய எல்லாம் ஒரே கூரையின்கீழ் விற்கப்படும் கடை அது. இத்தகைய தொழிலிற் பேசுதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணக்கூடும். இருக்கின்றது என்பதே எமது துணிபு. பொறுமையோடு செவிமடுப்பீர்களென நம்புகின்றோம்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது நமக்குள்ள மோகத்தை இதனிலும் சுருக்கமாகச் சொல்லுதல் இயலாது. நிலையான சம்பளம், ஓய்வூதியம், ஊரிலே மதிப்பு என்னும் மூன்றையும் அவ்வுத்தியோகம் தந்தது. ஆதலின் அம்மோகத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அப்பழமொழியின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். அரசாங்கத்திற் கோழி மேய்ப்பவன் உயர்ந்தவன் என்றால், கடையிற் கணக்குப் பார்ப்பவன் தாழ்ந்தவன் என்றாகிவிடுகின்றது. இன்று எமது இளைஞர்களுட் பலர் கடைகளிலேதான் வேலை பார்க்கின்றனர். "என்ன வேலை, தம்பி?" என்று ஊரிற் பெரியவர் ஒருவர் கேட்டால், "ஒரு கொம்பனியில்" என்று விடை கூறிவிட்டு அப்பாற் போய்விடுகின்றனர். கடை என்ற சொல் வாயில் வர மறுக்கின்றது. ஏன் அந்த நாணம்?

கடைத் தொழில் எமக்குப் புதியது அன்று. யாழ்ப்பாணத்தவர் சுருட்டுக் கடை வைத்துத் தென்னிலங்கைப் பட்டினங்கள் பலவற்றிலும் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் எம்மவர் கடைகள் பல இருந்தன. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே தலைநகரில் எரிக்கப்பட்டவற்றுள் அத்தகைய கடைகளும் அடங்கும். ஒரு கடை எரிந்தபோது முதலாளி மாத்திரம் வீதிக்கு வரவில்லை. அவரை நம்பியிருந்த கணக்கப்பிள்ளையும் சிப்பந்திகளும் சமையற்காரரும் வீதிக்கு வந்தார்கள். ஒரு கடை எத்தனை குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றது என்பது அது இல்லாமற் போன அன்றுதான் பலருக்கு விளங்குகின்றது.

கடையில் விற்கும் ஒரு பொருளின் விலைக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கும் இந்நாட்டு வரலாறே சான்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டிலே, இலங்கையில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று. கூப்பனுக்குச் சாமான் கொடுப்பதற்கென நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. ஊரிலே அதனைச் சங்கக்கடை என்றார்கள். சங்கக்கடை மனேஜர் அளக்கும் கொத்திலேதான் அன்று ஒவ்வொரு வீட்டின் அடுப்பும் எரிந்தது. பின்னர் 1953ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். கடைப் பலகையில் எழுதிய ஓர் எண் ஓர் அரசாங்கத்தையே ஆட்டியது. 1957ஆம் ஆண்டில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1970களில் இறாத்தலும் அந்தரும் போய்க் கிலோக்கிராம் வந்தது. 1844இல் கண்டியிலே தொடங்கிய காகில்ஸ் என்னும் பழைய வியாபார நிறுவனம் 1983இல் கொழும்பில் தனது முதலாவது சூப்பர் மார்க்கற்றைத் திறந்தது. வாங்குவோர் தாமே இறாக்கையிலிருந்து பொருளை எடுத்துவந்து காசாளரிடம் பணம் கொடுக்கும் முறை இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பரவியுள்ளது. எமது வேலையும் அம்முறையைச் சேர்ந்ததே.

இனி, உதவி முகாமையாளர் என்பவர் யார் என்று பார்ப்போம். அவர் முதலாளி அல்லர், சிப்பந்தியும் அல்லர். முகாமையாளர் இருக்கும்போது அவர் சொல்வதைச் செய்பவர். முகாமையாளர் இல்லாதபோது அவர் செய்வதைச் செய்பவர். இலாபம் வந்தால் அவர் பெயர் சொல்லப்படுவதில்லை. காசு குறைந்தால் முதலில் அவரையே கூப்பிடுவார்கள். இரண்டுங் கெட்ட நிலை என்று இதனைப் பரிகசிப்பாரும் உளர்.

அவர் ஒரு நாளிற் செய்வது யாது? காலையிற் கதவு திறக்குமுன் இரும்புப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு காசாளருக்கும் மிச்சம் கொடுப்பதற்கான சில்லறைக் காசை எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவார். குளிர்பெட்டிகள் இரவு முழுவதும் ஓடினவா என்று பார்ப்பார். லொறி வந்ததும், கொண்டுவந்த சாமானைக் கட்டளைச் சிட்டையோடும் விலைச்சிட்டையோடும் ஒப்பிட்டு எண்ணுவார். பெட்டி உடைந்திருந்தால் அங்கேயே குறித்துச் சாரதியின் கையொப்பத்தையும் பெறுவார். கையொப்பம் இட்டபின் கண்டுபிடிக்கும் குறை கடையின் குறை. கையொப்பம் இடுமுன் கண்டுபிடிக்கும் குறை அனுப்பியவரின் குறை. பின்னர்ச் சாமான் கிட்டங்கிக்குப் போகும். அங்கே பழையது முன்னுக்கும் புதியது பின்னுக்கும் நிற்க வேண்டும். இவ்வொழுங்கு தவறினால், புதியது விற்றுப்போகப் பழையது இறாக்கையின் பின்னால் ஒளிந்திருந்து காலாவதியாகும்.

அதன்பின் விலைத்துண்டுகள். இறாக்கையில் ஒட்டிய விலையும் கணினி காட்டும் விலையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். விலை மாறிய அன்று துண்டை மாற்ற மறந்தால், மாலைக்குள் பத்துப் பேரோடு வாக்குவாதம் வரும். பகலில் யார் எப்பொழுது சாப்பிடப் போவது, யாருக்கு நாளை லீவு, சுகவீனமுற்றவரின் இடத்தில் யார் நிற்பது என்னும் ஒழுங்குகள். மாலையிற் சனநெரிசல். இரவிற் காசு எண்ணி, கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு, இரும்புப் பெட்டியிற் பூட்டி, விளக்கணைத்து, பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வழி செய்துவிட்டுக் கடைசியாக வெளியே வருபவர் அவர்.

இவையெல்லாம் கைவேலை. இவற்றை ஓராண்டில் எவரும் பழகிக்கொள்ளலாம். ஆனால் பழகுதற்கு அரிய ஒன்று உண்டு. உதவி முகாமையாளர் மூன்று திறத்தாருக்கு நடுவே நிற்கின்றார். ஒருபுறம் வாங்க வருபவர். ஒருபுறம் வேலை செய்பவர். ஒருபுறம் பணம் போட்டவர். ஒவ்வொருவரும் அவரைத் தம் பக்கம் இழுப்பர். எவர் பக்கமும் சாயாமல் நிற்பதே அவருடைய உண்மையான வேலை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

முதலாவது, வாங்க வருபவர். அவருக்கும் எமக்கும் இடையிலுள்ள முதல் உடன்படிக்கை தராசு. இந்நாட்டில் வியாபாரத்திற் பயன்படும் தராசுகளை அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தார் சோதித்து முத்திரை இடுகின்றனர். அதற்குரிய சட்டம் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். ஆனால் முத்திரை மாத்திரம் போதாது. தட்டிலே ஒன்றும் இல்லாதபோது தராசு சைபர் காட்டுகின்றதா என்று ஒவ்வொரு காலையும் பார்த்தல் வேண்டும். பாத்திரத்தில் வைத்து நிறுக்கும் பொருளானாற் பாத்திரத்தின் நிறையைக் கழித்தல் வேண்டும். ஒரு கிலோவிற் பத்துக் கிராம் குறைந்தால் எவருக்கும் தெரியாது. நூறு பேரிடம் அவ்வாறு குறைந்தால் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ எவருடைய பொருள்? அதனைக் கொள்ளை என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் அதற்கு வேறு பெயர் இல்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விலைகளைப் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என்றும், கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் வேண்டும் என்றும், இருக்கும் பொருளை இல்லை என்று சொல்லி மறைத்தல் ஆகாது என்றும் விதிக்கின்றது. இவ்விதியின் அருமை நல்ல காலத்தில் விளங்காது; பஞ்ச காலத்தில் விளங்கும். 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளிற் பால்மாவிற்கு நின்ற வரிசைகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சில கடைகளிற் பால்மா வேண்டுமானாற் தேயிலையும் வாங்க வேண்டும் என்றார்கள். சில கடைகளில் அறிந்தவருக்குப் பின்கதவால் இரண்டு பைகள் போயின. முன்கதவில் நின்ற தாய் வெறுங்கையோடு திரும்பினாள். 2022 செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மாத்திரம் 94.9 வீதம். ஒரு வருடத்திற்கு முன் நூறு ரூபாவிற்கு வாங்கிய உணவிற்கு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று.

அக்காலத்திலே கடையில் நின்றவர்கள் நாம். பழைய விலை அச்சிட்ட பொதிகள் கிட்டங்கியில் இருந்தன. புதிய விலையோ இருமடங்கு. "பழைய விலையை ஒட்டி மறைத்தால் என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. பொதியில் அச்சிட்ட விலைக்குமேல் விற்பது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஒட்டிய துண்டைப் பிள்ளையொன்று நகத்தாற் சுரண்டினால் அடியிலுள்ள விலை தெரிந்துவிடும். அன்று தெரிவது விலை மாத்திரம் அன்று. கடையின் குணமும் தெரிந்துவிடும். வரிசையில் நிற்போருக்கு ஆளுக்கு ஒன்று என்றும், முதலில் வந்தவருக்கு முதலில் என்றும், எமது உறவினருக்கும் அவ்வாறே என்றும் ஒழுங்கு செய்த கடைகளுக்கு அன்று வந்தவர்கள் இன்றும் வருகின்றார்கள். விளம்பரத்தால் வாங்க முடியாத நம்பிக்கை அது.

இரண்டாவது, உடன் வேலை செய்பவர். இவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கடைப் பிள்ளை என்றால் எவரும் ஏவலாம், எவரும் ஏசலாம் என்னும் வழக்கம் எம்மிடையே இருந்து வருகின்றது. சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், உணவு வேளை நீங்கலாக நாளொன்றுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பத்தைந்து மணி என்று வேலை நேரத்தை வரையறுக்கின்றது. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை தருகின்றது. சம்பளத்திற் பிடித்தம் செய்தற்கும் எல்லை இடுகின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் கொடுப்பவர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொடுப்பவர் மேலும் 3 வீதம் செலுத்துதல் வேண்டும். கடையில் வேலைக்குச் சேரும் இளைஞர்களே, இவ்விலக்கங்களை மனத்திற் பதித்துக் கொள்ளுங்கள். சேர்ந்த மாதத்திலேயே உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்பதிற் பயன் குறைவு.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஓரிரவு காசு எண்ணியபோது ஒரு காசாளப் பிள்ளையின் பெட்டியில் 900 ரூபா குறைந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை. முகாமையாளர் களைத்திருந்தார். "சம்பளத்திற் கழித்துவிடுவோம், நேரமாகிறது" என்றார். அப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தனது கைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்த சாப்பாட்டுப் பெட்டியையும் பஸ் காசையும் மேசைமீது வைத்தாள். எவரும் கேட்காமலே அவள் அதைச் செய்தது எமக்குப் பொறுக்கவில்லை.

பழைய கணக்கப்பிள்ளைகள் அறிந்த ஒரு விதி உண்டு. கணக்கில் வரும் வித்தியாசம் ஒன்பதால் மிச்சமின்றிப் பிரிபடுமானால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு சைபர் கூடியோ குறைந்தோ இருக்கலாம். வித்தியாசம் இரட்டை எண்ணானால் அதன் பாதித்தொகை பற்றில் இருக்க வேண்டியது வரவில் எழுதப்பட்டிருக்கலாம். இது முடிந்த தீர்ப்பு அன்று. தேடவேண்டிய இடத்தைக் காட்டும் கைகாட்டி மாத்திரமே. 900 ஒன்பதாற் பிரிபடும். ஆகவே அன்று அந்தப் பெட்டியிலிருந்து பணம் கொடுத்த சிட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். கீரையும் வாழைக்காயும் கொண்டுவருபவருக்கு 5,400 ரூபா கொடுக்கப்பட்டிருந்தது. அவருடைய துண்டில் அவ்வாறே இருந்தது. கணக்கெழுதும் தம்பி எமது சிட்டையில் 4,500 என்று எழுதியிருந்தார். ஐந்தும் நான்கும் இடம் மாறியிருந்தன. அரைமணி நேரத் தேடலில் உண்மை வெளிவந்தது.

மறுநாட் காலை, கதவு திறக்குமுன், முகாமையாளர் எல்லோரையும் கூப்பிட்டு, "தங்கச்சி, நேற்று உம்மில பிழை இல்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டன்" என்றார். அவர் நல்ல மனிதர். அதனாலேயே அதைச் சொல்ல முடிந்தது. அப்பிள்ளை இன்றும் அக்கடையில் இருக்கின்றாள். இப்பொழுது புதிய காசாளர்களுக்கு வேலை பழக்குகின்றாள். அன்று 900 ரூபாவைக் கழித்திருந்தால் கடைக்கு இலாபம் 900 ரூபா. அவள் போயிருந்தால் நட்டம் எவ்வளவு என்று எந்தக் கணினியும் காட்டாது.

நடுவில் நிற்பவர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மேலே உள்ளவரின் களைப்புக்கும் கீழே உள்ளவரின் பயத்துக்கும் இடையில் உண்மை நசுங்கிவிடக்கூடும். அரைமணி நேரம் அதற்காகச் செலவிடக்கூடியவர் அந்த நடுவில் நிற்பவர் ஒருவரே. அதே வேளையில், பிழை செய்தவர் எமக்கு வேண்டியவர் என்பதற்காக மூடி மறைப்பதும் சாய்வே. களவு களவுதான். ஊரவன், சொந்தக்காரன், எமது மொழி பேசுபவன் என்று தராசு ஆளுக்கொரு விதமாக நிறுத்தல் ஆகாது. கடையிலே சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் எமது பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று வேலை செய்கின்றனர். லீவு கொடுப்பதிலும் கண்டிப்பதிலும் ஒருவருக்கு ஒரு முறை, மற்றவருக்கு வேறு முறை என்று காணப்படுமானால், அக்கடையில் ஒற்றுமை ஒரு கிழமை நில்லாது.

மூன்றாவது, பணம் போட்டவர். முதலாளி என்றால் உறிஞ்சுபவர் என்று பேசுவது சிலருக்கு எளிது. ஆனால் சில்லறை வியாபாரத்தின் இலாபம் எத்துணை மெல்லியது என்று கடைக்கு உள்ளே நிற்பவருக்கே தெரியும். ஒரு சிறு கணக்குச் சொல்வோம். 90 ரூபாவிற்கு வாங்கி 100 ரூபாவிற்கு விற்கும் ஒரு பிஸ்கற் பெட்டியில் வருவது 10 ரூபா. ஒரு பெட்டி காலாவதியாகி எறியப்பட்டாற் போவது 90 ரூபா. அந்த 90 ரூபாவை மீளப் பெற இன்னும் ஒன்பது பெட்டிகள் விற்றாக வேண்டும். அந்த ஒன்பதிலும் கடைக்கு இலாபம் இல்லை. வாடகையும் மின்சாரமும் சம்பளமும் வேறு. ஆகவே இறாக்கையின் பின்புறத்தில் மறந்துபோன ஒரு பெட்டி, ஒன்பது பெட்டி விற்ற உழைப்பைத் தின்றுவிடுகின்றது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் இருந்தபடியே காய்ந்து நிறை குறையும். எலி தின்னும், குளிர்பெட்டி பழுதாகும், சிலர் சட்டைப் பையிலும் போடுவர். இவையெல்லாவற்றையும் உள்ளவாறு எழுதி வைத்தல் வேண்டும். இருப்பு எடுக்கும் நாளிற் குறைவை மறைத்து எழுதுபவர் முதலாளிக்கு நல்லவர் போலத் தோன்றலாம். ஆனால் அவர் முதலாளியின் கண்ணைக் கட்டுகின்றார். "இது குறைந்தது, இன்ன காரணத்தாற் குறைந்தது, இனிக் குறையாமல் இவ்வாறு செய்வோம்" என்று சொல்பவரே அவருக்கு உண்மையான உதவியாளர்.

எமது சமய மரபிலும் இதற்குச் சான்று உண்டு. அறுபத்துமூவருள் ஒருவராகிய அமர்நீதி நாயனார் வணிகர். அடியார் ஒப்படைத்த கோவணம் காணாமற் போயிற்று. ஈடாகத் தராசில் எவ்வளவு பொருள் இட்டும் தட்டுச் சமமாகவில்லை. ஈற்றில் மனைவி மக்களோடு தாமே தட்டில் ஏறினார் என்று பெரியபுராணம் கூறும். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளுக்கு நாம் எத்துணைப் பொறுப்புடையோம் என்பதை இதனிலும் உறுதியாகச் சொல்லமுடியாது. கிட்டங்கித் திறப்பை இடுப்பிற் செருகியவர்கள் இக்கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வது நன்று.

திருவள்ளுவரையும் ஈண்டு நினைவு கூர்தல் பொருத்தமாகும். வாணிகம் செய்வோர்க்கு ஒழுக்கம் கூறும் குறளை அவர் பொருட்பாலிலே வைக்கவில்லை. அறத்துப்பாலிலே, நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில், இறுதிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தமது பொருளைப் போலக் காப்பதே வாணிகம் என்பது அதன் கருத்து. அதே அதிகாரத்திலேதான் சான்றோர்க்குத் தராசை உவமையாகவும் கூறினார். நீதிபதிக்கும் அரசனுக்கும் உரியது என்று நாம் எண்ணும் நடுவு நிலைமையை வள்ளுவர் வணிகனிடம் கொண்டுவந்து முடித்தார். தராசின் இரு தட்டுகளிலும் பொருள் உண்டு. நடுவிலுள்ள முள்ளில் ஒன்றும் இல்லை. ஆயினும் யாவரும் பார்ப்பது அந்த முள்ளையே. உதவி முகாமையாளரின் நிலை இரண்டுங் கெட்ட நிலை அன்று. தராசு முள்ளின் நிலை.

இனி இளைஞர்களுக்குச் சில சொற்கள். இத்தொழிலுக்கு வர விரும்புவோர் மூன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று கணக்குப் பதிவியல். கணினி கூட்டித் தரும், ஆனாற் பிழை எங்கே என்று மனிதனே தேட வேண்டும். இரண்டு மொழி, தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவர் எந்தக் கடையிலும் மதிக்கப்படுவர், எந்த வாடிக்கையாளரின் மனத்தாங்கலையும் பாதியாகக் குறைப்பர். மூன்று, இனிய சொல். கோபத்தோடு வருபவர் பெரும்பாலும் பணத்தைக் கேட்டு வருவதில்லை, தமது முறைப்பாட்டை ஒருவர் கேட்டாற் போதும் என்றே வருகின்றார். இறாக்கை அடுக்கும் வேலையில் தொடங்குவதற்கு நாணற்க. அடுக்கத் தெரியாதவர் அடுக்குவிக்க இயலாது. மேலும், நீங்கள் செய்யும் வேலையின் பெயரைக் கேட்டவர்க்கு நேராகச் சொல்லுங்கள். நேர்மையாக நிறுத்துக் கொடுப்பவன் தலை குனிய வேண்டியதில்லை.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. கலியாணப் பேச்சு வரும்போது "மாப்பிள்ளை கடையில் வேலையாம்" என்று ஒரு விதமாக இழுத்துச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தக் கடை, எத்தனை வருடம், சேமலாப நிதி கட்டப்படுகின்றதா, அவர் கையில் இரும்புப் பெட்டியின் திறப்பைக் கொடுத்திருக்கின்றார்களா என்று கேளுங்கள். பிறர் பணத்தின் திறப்பைப் பல வருடம் வைத்திருந்து ஒரு சதமும் பிசகாதவருக்கு அதனிலும் மேலான நற்சான்றுப் பத்திரம் வேண்டுமா?

இறுதியாக எமது சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். எமது கூட்டங்கள் எல்லாம் சனி, ஞாயிறு மாலைகளில் நடைபெறுகின்றன. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வேலை செய்வோருக்கு அது வசதி. கடைகளில் வேலை செய்யும் எமது இளைஞர்களுக்கோ அவையே மிகுந்த வேலையுள்ள நேரங்கள். அவர்கள் சங்கத்தை வெறுத்து வராமல் இருக்கவில்லை. வர முடியாமல் இருக்கின்றனர். மாதத்தில் ஒரு கூட்டத்தையேனும் கிழமை நாளில், கடை பூட்டியபின் அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைத்தால் என்ன? அத்தோடு, கணக்குப் பதிவியலும் சிங்களமும் கற்பிக்கும் ஒரு மாலை வகுப்பைச் சங்க மண்டபத்திலேயே தொடங்கினால் என்ன? மேசையும் கரும்பலகையும் ஏற்கெனவே உள்ளன. கற்பிக்க நாமும், எம்மைப்போன்ற இன்னுஞ் சிலரும் ஆயத்தமாக இருக்கின்றோம். அத்தகைய வகுப்பில் இருபது பிள்ளைகள் சேர்ந்தாலும், இருபது குடும்பங்களுக்கு அது படியாகும்.

 எமது வேண்டுகோளைச் செயற்குழு ஆராய்ந்து முடிவு செய்யும் என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகின்றோம்.